சிவப்பு மை வரிகள்: எச்சிவி (கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ்) நோயாளிகளைத் திரும்பச் சிகிச்சைக்கு அழைத்துவரப் புதிதாக வருகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் கொஞ்சம் பழைய மருத்துவமனை எதுவானாலும், அதன் ஆய்வகத்தில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தம், பிரசவத்துக்கு வந்தவர்களின் ரத்தம், டயாலிசிஸ் ஆட்களின் ரத்தம், எல்லாவற்றுக்கும் மூன்று கட்டம் போட்டிருக்கும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. மூன்றாவது கட்டத்தில் எப்போதாவது சிவப்பு மையில் 'ரியாக்டிவ்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது.' அதோடு சரி. அந்த ஆள் எங்கே போனார், என்ன ஆனார் என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அந்த ஆளைத் தேடிப் பிடித்து மருந்து மாத்திரை வரைக்கும் கொண்டுவருவதுதான் இந்த வேலை. மருத்துவமனை ஊழியராகவோ ஆலோசகராகவோ தன்னார்வலராகவோ இதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, செய்து செய்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நெதர்லாந்தில் நாடு முழுக்க மருத்துவமனைகளின் பழைய பதிவுகளைத் தூசு தட்டி இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அங்கே கணினி தேடிக் கொடுத்திருக்கும். இங்கே நமக்குக் கிடைப்பது கரையான் அரித்த நோட்டு.

முதலில் அவர்கள் ஏன் போனார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் போனை எடுத்தால் முதல் அழைப்பிலேயே சண்டை வந்துவிடும்.

இந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1989-ல். இந்தியாவில் ரத்த வங்கிகள் கட்டாயம் இதற்குப் பரிசோதிக்க வேண்டும் என்று வந்தது 2001-ல். அதற்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கொதிக்கவைத்த ஒரே ஊசியால் ஊருக்கே போட்டுவிட்ட காலத்தில் ஊசி போட்டவர்கள் என்று பலருக்கு இது தெரியாமலே ஏறியது. 2015 வரைக்கும் இதற்கு இருந்த முக்கியமான மருந்து இன்டர்ஃபெரான். வாரம் ஒரு ஊசி, கூடவே தினமும் மாத்திரை, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை. ஊசி போட்ட அன்று காய்ச்சல் தூக்கிப்போடும், முடி கொட்டும், மனசு சோர்ந்துபோகும். செலவு லட்சக்கணக்கில். இத்தனையும் பட்டாலும் குணமாகும் என்ற உறுதி கிடையாது. டாக்டர் இதைச் சொன்னதும் நம் ஆட்கள் வீட்டுக்கு வந்து நிலத்தை விற்பதா, பெண்ணுக்கு நகை போடுவதா என்று யோசித்துவிட்டு, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார்கள். அந்த நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது கதையே வேறு. 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் என்ற புது மருந்து அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர். 2015-ல் இந்தியக் கம்பெனிகள் அதையே தயாரிக்க ஆரம்பித்ததும் விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலானவர்களுக்குத் தினமும் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் இரண்டும், 84 நாள். ஊசி கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிவிடுகிறது.

பதிவேட்டில் இருக்கிற ஆளுக்கு இது எதுவும் தெரியாது. 2009-ல் கேட்டதுதான் இந்த நோயைப் பற்றி அவர் கடைசியாகக் கேட்டது. நீங்கள் போன் செய்வது அந்த இடைவெளியில் நடந்ததைச் சொல்ல. 'ஏன் சிகிச்சையை விட்டீர்கள்' என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

பட்டியல் எடுப்பது

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்காமல் எந்தப் பதிவேட்டையும் தொடாதீர்கள். நீங்கள் வெளி ஆளாக இருந்தால் பட்டியலை உங்கள் கைக்கு வாங்கவும் வேண்டாம். அந்த மருத்துவமனையின் ஊழியரே அவர்களுடைய நோயாளியை அழைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள். பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலை அறவே ஆகாது.

ஆய்வகப் பதிவேடு, ரத்த வங்கியில் ரத்தம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், டயாலிசிஸ் பிரிவு, பிரசவ வார்டு, இவைதான் வழக்கமான இடங்கள். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கல்ஃபுக்குப் போக மெடிக்கல் எடுத்து 'அன்ஃபிட்' ஆனவர்கள். மெடிக்கலில் இந்த ரத்தப் பரிசோதனையும் உண்டு என்பதால் எத்தனையோ பேருக்கு விசா போனதும் நோய் தெரிந்ததும் ஒரே நாளில்தான். அவர்கள் வீட்டில் 'விசா சரியா வரல' என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். இவர்கள் எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். ஒருவரைச் சரியாக நடத்தி அனுப்பினால் அவரே இன்னொருவரைக் கூட்டிவருவார், அப்படித்தான் இவர்கள் கிடைக்கிறார்கள்.

எடுத்த பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு அழைக்க முடியாது. ஒரே ஆள் மூன்று வருடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். சேவியர், சவேரியார், சவரிமுத்து மூன்றும் ஒருவராக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். வயதையும் அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் என்று எழுதியிருக்கிற இடத்தில் வெறும் 'விளை' என்று முடிகிற பெயர் இருந்தால் தாலுகாவும் வேண்டும். கல்குளத்தில் ஒன்று இருக்கும், விளவங்கோட்டில் அதே பெயரில் இன்னொன்று இருக்கும்.

அப்புறம், இறந்தவர்கள். 2017 நவம்பர் 30-க்கு முந்தைய பதிவேடு என்றால், கடற்கரை ஊர்ப் பெயர்கள் வரும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கம் அன்றைக்கு அடித்த ஒக்கிப் புயலில் போனவர்கள் ஏராளம். கடலில் போன மனுஷனைக் கேட்டு அவர் மனைவிக்கு ஆசுபத்திரியிலிருந்து போன் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறப்புப் பதிவையும் ஊரில் வைத்திருக்கிற பட்டியலையும் முதலில் சரிபாருங்கள். பங்குத்தந்தையிடமோ அன்பியப் (பங்கின் சிறு குழு) பொறுப்பாளரிடமோ எதற்காகத் தேடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன் செய்வது

நேரத்தை முதலில் சொல்கிறேன். குலசேகரம், கடையால், அருமனைப் பக்கத்து ரப்பர் தொழிலாளியை விடிகாலையிலும் முற்பகலிலும் அழைக்காதீர்கள். பால் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிய மத்தியானம் ஆகிவிடும். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களைச் சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபிறகு. ஆழ்கடலுக்குப் போகிறவர் ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கரை காண மாட்டார், அவருக்குக் கிறிஸ்துமஸ் வாரம்தான் சரி. எண் மாறியிருக்கும், இது முக்கால்வாசிப் பேருக்கு நடக்கும். அப்போது தபால் கார்டு வேண்டாம், உறையிட்ட கடிதம். உறையின் மேல் மருத்துவமனைப் பெயர் மட்டும் போதும், பிரிவின் பெயர் வேண்டாம்.

போனை யார் எடுத்தாலும் முதலில் ஆள் அவர்தானா என்று உறுதி செய்யுங்கள். பெயர், அப்பா பெயர், எந்த வருடம் எதற்காக ஆசுபத்திரியில் இருந்தார். அவராகச் சொல்லட்டும். நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வேறு யாராவது எடுத்தால், 'பழைய ரத்தப் பரிசோதனை ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவரையே பேசச் சொல்லுங்கள்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் மச்சினன் போனை எடுத்தார். நல்ல மரியாதையாகப் பேசினார், 'எதுக்காக்கும் கூப்பிடுதிய, நான் சொல்லிவிடுதேன்' என்றார். நானும் வெள்ளந்தியாக நோயின் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அப்போது பெண் பார்த்துப் பேச்சு முடிந்திருந்தது. பத்து நாள் கழித்து அந்த மனுஷன் நேரில் வந்தார். திட்டவில்லை. 'நீங்க நல்லதுக்குத்தான் சொன்னிய, எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிகிச்சைக்கு அவர் வரவே இல்லை. அன்றிலிருந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: 'எடுத்தது யார்?'

ஆள் அவர்தான் என்று தெரிந்தபிறகு பேச்சு இப்படிப் போகலாம்.

'அண்ணே, நான் ஆசுபத்திரியிலேர்ந்தாக்கும் பேசுறேன். இப்போ தனியா இருக்கியளா, பேசலாமா? 2011-ல ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தப்போ ரத்தத்துல ஒரு குறை காட்டிச்சு, ஞாபகம் இருக்கா?'

'அது அப்பமே சரியாப் போச்சே மக்களே. கண்ணுல மஞ்சள் ஒண்ணும் கெடையாது.'

'மஞ்சள் வராமலும் இது உள்ள இருக்கும் அண்ணே. அப்போ இதுக்கு ஊசிதான் இருந்துச்சு. இப்போ மாத்திரை வந்திருக்கு, மூணு மாசம், அரசு திட்டத்துல காசு கெடையாது. மொதல்ல ஒரு ரத்தம் எடுத்துப் பாத்தா உள்ள இருக்கா இல்லையான்னே தெரிஞ்சிரும்.'

இதற்கு மேல் போனில் நீட்டாதீர்கள். சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்), புற்றுநோய் என்று பயம்காட்டி வரவழைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து வருகிறவர் ஒருநாள் வருவார், அடுத்த நாள் வர மாட்டார்.

திரும்பத் திரும்பக் கேட்கிற பதில்கள்

'எனக்குத் தீனம் ஒண்ணும் இல்லை' என்பார்கள். உண்மைதான், அவருக்கு எதுவும் தெரியாது. இந்த வைரஸ் இருபது வருடம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் சிரோசிஸ் வருகிறது. கல்லீரல் சுருங்கிய பிறகுதான் வயிறு வீங்கும், கால் வீங்கும். மஞ்சள் காமாலை வந்தால்தான் கல்லீரல் நோய் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. அதை அடித்து உடைக்க வேண்டாம், 'அது வேற வகை, இது வேற வகை' என்றால் போதும்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவரிடம் வைத்தியரைக் குறை சொல்லாதீர்கள். குமரியில் சித்த மருத்துவமும் வர்மமும் பரம்பரையாக வந்தவை, அந்த வைத்தியர் அவருக்குச் சொந்தக்காரராகவே இருக்கலாம். 'என்னென்ன மருந்து எடுக்கிறீர்களோ எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டுவாங்க, டாக்டர் பாக்கட்டும்' என்று சொல்லுங்கள். அந்த 84 நாளுக்கு மட்டும் நாட்டு மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள்.

'குடிக்கிற ஆளுக்கு மருந்து தர மாட்டாங்களே' என்று தயங்குகிறவர்கள் உண்டு. குடியை விடச் சொல்வோம். ஆனால் குடிக்கிறார் என்பதற்காக சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை.

'ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு திருப்பி அனுப்பினாங்களே, இப்போ எதுக்கு கூப்பிடுதிய?' என்று கேட்கிற குரலும் வரும். இந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ரியாக்டிவ் என்று வந்ததும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, காரணமும் சொல்லாமல் அனுப்பிய இடங்கள் உண்டு. அவரும் அடுத்த ஆசுபத்திரியில் விஷயத்தை மறைத்துச் செய்துகொண்டிருப்பார். சமாதானம் சொல்லாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, 'தப்புதான்' என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் திரும்ப அழையுங்கள்.

முதல் நாள்

முதல் நாளில் எல்லாம் முடிய வேண்டும். இதில் கெட்டியாக இருங்கள். நம்மிடமிருந்து ஆட்கள் நழுவியது 'அடுத்த வாரம் வாங்க' என்ற வார்த்தையில்தான். களியக்காவிளையிலிருந்து ஒருவர் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர நாகர்கோவிலில் பஸ் மாற வேண்டும். காலையில் ஓபி சீட்டு வாங்க வேண்டுமென்றால் விடியும் முன் கிளம்ப வேண்டும். ஒருநாள் கூலி போச்சு. அதே ஆளுக்குத் திருவனந்தபுரம் இன்னும் பக்கம், திட்டமும் நாடு முழுக்க ஒன்றுதான். எந்தப் பக்கம் பதிவு செய்கிறாரோ அந்தப் பக்கமே முடிக்கட்டும். பாதியில் மாறினால் தாள்கள் ஒன்றும் சேராது.

வரும்போது ஆதார், பழைய ரிப்போர்ட் இருந்தால் அது, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையும். 'பிரஷர் மாத்திரைதான், சின்னதா வெள்ளையா இருக்கும்' என்றால் எந்த டாக்டரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபின், இதயத்துக்கான அமியோடரோன் இவற்றோடு இந்த மருந்துகள் ஒத்துப்போகாது. சாதாரண அசிடிட்டி மாத்திரைகூட, சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற வெல்படாஸ்விரின் வேலையைக் கெடுக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிலேயே வாங்குகிறவர் என்றால் அந்தத் தன்னார்வலர் அக்காவிடம் அட்டை இருக்கும். நோயாளியே கேட்டு வாங்கட்டும்.

ரத்தம் ஒரே தடவை குத்தி எல்லாவற்றுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமானது ஆர்என்ஏ, அதாவது வைரல் லோடு. பதிவேட்டில் இருந்த 'ரியாக்டிவ்' என்பது ஆன்டிபாடி மட்டும்தான். இந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்துபோனது என்பதற்கு அது அடையாளம், இப்போதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் பத்தில் மூன்று பேருக்கு ஆறு மாதத்துக்குள் அது தானாகவே போய்விடுகிறது. ஆன்டிபாடி மட்டும் ஆயுசுக்கும் நிற்கும்.

அண்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அக்காவை மறக்க முடியாது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில் ரியாக்டிவ். யாரோ 'ஒட்டும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளரின் அடியில் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு, மாறிப்போகாமல் இருக்க. பதினொரு வருடம். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டியது கிடையாது. நாங்கள் கூப்பிட்டு ஆர்என்ஏ எடுத்தோம். 'வைரஸ் இல்லை' என்று வந்தது. அது உடம்பிலிருந்து எப்போதோ தானாகப் போயிருந்தது. ரிப்போர்ட்டை வாசித்துச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: 'அப்போ அந்த டம்ளரை எடுத்துப் போட்டுரலாமா?' வைரஸ் இருந்திருந்தாலும் டம்ளரால் யாருக்கும் வராது அக்கா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அதை அன்றைக்கே அவர் வீட்டு மனுஷர்களை உட்காரவைத்துச் சொன்னோம்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள், நோயாளி சம்மதித்தால் மட்டும். சோறு, தட்டு, கட்டிப்பிடிப்பது, இருமல், ஒரே கழிவறை, எதனாலும் வராது. ரத்தத்தால் வரும். சவரக் கத்தி, பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி தனியாக இருக்கட்டும். கணவன் மனைவிக்கு ஒருமுறை பரிசோதனை. அம்மாவுக்கு வைரஸ் இருந்தால் நூறு குழந்தையில் ஐந்தாறு குழந்தைக்கு வரலாம், ஆன்டிபாடி பார்ப்பதானால் குழந்தைக்குப் பதினெட்டு மாதம் ஆனபிறகு.

மற்ற ரத்தப் பரிசோதனைகளில் ஹெபடைடிஸ் பி-யை விட்டுவிடாதீர்கள். சி-க்கு மருந்து கொடுக்கும்போது உள்ளே அடங்கிக் கிடக்கிற பி எழும்பிவிடலாம். எச்ஐவி, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதைப் பார்க்க), ரத்த அணுக்கள், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரல் நொதிகள்), வயிற்று ஸ்கேன். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். நீங்களும் தெரிந்துவைத்துக்கொண்டால் யாரை அவசரமாக உள்ளே அனுப்ப வேண்டும் என்று புரியும். வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்குங்கள். அதை, பிளேட்லெட்டை எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருகிற எண்ணால் வகுங்கள். 52 வயது, எஸ்ஜிஓடி 78, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதினால் 130. மேலே 4056, கீழே 130 எட்டு 1040. விடை 3.9. 1.45-க்குக் கீழே என்றால் பெரிதாகப் பயமில்லை. 3.25-க்கு மேலே போனால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஆளை வரிசையில் நிற்கவைக்காதீர்கள்.

வயிறு நீர்கோத்து வீங்கினவர், கருப்பாக மலம் போகிறவர், ரத்த வாந்தி எடுத்தவர், பேச்சு தடுமாறுகிறவர், இவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் ஓபி எல்லாம் கிடையாது, நேராக அவசரப் பிரிவு. மாத்திரைக் கணக்கு அப்புறம்.

84 நாள்

சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு முன்னே சொன்ன இரண்டு மாத்திரை, பன்னிரண்டு வாரம். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர், பன்னிரண்டு வாரம். கல்லீரல் ரொம்பக் கெட்டவர்களுக்கு ரிபாவிரினும் சேரும், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இல்லாமல் 24 வாரம். எது என்று டாக்டர் முடிவு செய்வார். டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கும் இப்போது சிகிச்சை உண்டு, 'கிட்னி போனவங்களுக்குக் கிடையாது' என்று யாராவது சொல்லியிருந்தால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் பிரசவம் முடிந்து தொடங்குவார்கள். ரிபாவிரின் எடுப்பவர் ஆணோ பெண்ணோ, கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

ஒரு நாள் மறந்தால், அன்றைக்குள் ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. தலைவலி, அசதி, லேசான குமட்டல் வரும். இன்டர்ஃபெரான் காலத்து ஊசியைக் கண்ட ஆட்கள் 'இவ்வளவுதானா?' என்று கேட்பார்கள்.

மீனவர்களுக்கு மட்டும் காலண்டரை எடுத்து உட்காருங்கள். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல் முதலான மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். கொச்சி, முனம்பம் துறையிலிருந்து போகிறவர்களுக்குக் கேரளத்துக் கணக்கு, அது வேறு. ஆனால் மருந்து 84 நாள். ஜூன் 1-ல் தொடங்கினால் கடைசி மாத்திரை ஆகஸ்ட் 23. கடைசி 23 நாள் அவர் கடலில் இருப்பார். அதனால் மூன்றாவது மாத மருந்தைப் போட் கிளம்பும் முன்னே கையில் கொடுக்கும்படி டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். டப்பாவைத் திறந்து மாத்திரையைத் தாளில் மடிக்க வேண்டாம், உப்புக் காற்றில் ஊறிவிடும். டப்பாவோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாப்பாட்டுச் சாமான் பெட்டிக்குள். சமையல் செய்கிற தம்பி தினமும் திறக்கிற பெட்டி அது. நோய் என்னவென்று அந்தத் தம்பிக்குத் தெரிய வேண்டாம், 'அண்ணனுக்கு மாத்திரை' என்றால் போதும்.

முடிந்தபிறகு

கடைசி மாத்திரை முடிந்ததும் பெரும்பாலானவர்கள் மறைந்துவிடுவார்கள். குணமாகிவிட்டது என்று உறுதிசெய்ய, மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஆர்என்ஏ எடுக்க வேண்டும். ஆகஸ்ட் 23-ல் முடித்தவருக்கு அது நவம்பர் 15. அன்றைக்கு அவர் லட்சத்தீவுப் பக்கம் எங்கேயாவது இருப்பார். கவலை வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால்தான் எடுக்கக்கூடாது, பின்னால் எடுத்தால் தப்பில்லை. டிசம்பர் 3 கோட்டாறு திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ வரும்போது எடுத்துக்கொள்ளலாம். மருந்து கொடுக்கிற அன்றே அந்தத் தேதியை அவர் மனைவியின் கைப்பேசியில் அலாரமாக வைத்துவிடுங்கள், அவர் சம்மதித்தால். என் அனுபவத்தில் ஆண்களின் கைப்பேசி அலாரம் ஒன்றுக்கும் உதவாது.

சிரோசிஸ் இருந்தவர்களுக்கு வைரஸ் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும், கல்லீரலில் கட்டி வரும் ஆபத்து முழுக்கப் போகாது. குணமானவருக்கு மறுபடியும் தொற்று வரலாம், இதற்குத் தடுப்பூசி இல்லை. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, பி இல்லையென்றால் அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த தடவை எந்த ஆசுபத்திரியில் ஆன்டிபாடி எடுத்தாலும் ரியாக்டிவ் என்றுதான் வரும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்று வருடம் கழித்து 'திரும்ப வந்துட்டே' என்று அழுதுகொண்டு போன் வரும்.

கல்ஃபுக்குப் போக நினைக்கிறவரிடம் இந்த இடத்தில் பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள். மெடிக்கல் சென்டர் ஆன்டிபாடியைத்தான் பார்க்கும். 'வைரஸ் இல்லை' என்ற ஆர்என்ஏ ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கலாம், ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் கையில். ஆனாலும் அந்த ரிப்போர்ட் அவரிடம் இருந்தே ஆகவேண்டும், ஆபரேஷனோ பிரசவமோ எதுவானாலும் காட்ட. பளபளப்பான தாளில் சூட்டில் அச்சடிக்கிற ரிப்போர்ட்டாக இருந்தால் லேமினேட் செய்ய விடாதீர்கள். அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கருத்துவிடும், எழுத்து ஒன்றும் மிஞ்சாது. சாதாரணத் தாளில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ரேஷன் கார்டோடும் ஒன்றைப் பேங்க் பாஸ்புக்கோடும் வைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டையும் எங்கள் ஊரில் யாரும் தொலைத்து நான் பார்த்ததில்லை.